முதலில் எது, பிறகு எது

நாளமில்லாச் சுரப்பியியல் பயிற்சிக்கு இந்த ஆண்டு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். பொது மருத்துவத்தில் பட்டம் முடித்து, வார்டிலும் இரவுப் பணியிலும் பழகித்தான் வந்திருக்கிறீர்கள். சர்க்கரை நோயும் சாதாரணத் தைராய்டுக் குறையும் உங்களுக்குப் புதியவை அல்ல. அவற்றை விட்டுவிடுகிறேன். புறநோயாளர் பிரிவின் நீண்ட கூட்டத்தில், அந்த இரண்டுக்கும் வந்தவர்களுக்கு நடுவே, பெயர் தெரியாத ஒரு நோயோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். பல மருத்துவர்களைப் பார்த்துவிட்டு, ஒரு மஞ்சள் பை நிறைய ரிப்போர்ட்டுகளுடன் வந்திருப்பார். அவருக்காகத்தான் இந்த அறிவுரைகள்.

1. கதையை ஆண்டு வரிசையில் கேளுங்கள்.

"என்ன செய்கிறது?" என்று கேட்டால் இன்றைய தொந்தரவுதான் பதிலாக வரும். "கடைசியாக நல்லா இருந்தது எப்போம்மா?" என்று கேளுங்கள். அங்கிருந்து ஒவ்வோர் ஆண்டாக முன்னே வாருங்கள். நம் துறையின் அரிய நோய்கள் பெரும்பாலும் மெதுவாக வருபவை. எது முதலில் நின்றது, எது அடுத்து மாறியது என்ற வரிசையிலேயே நோயின் பெயர் இருக்கும்.

நாற்பதைக் கடந்த ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். ஓயாத அசதி, கிறுகிறுப்பு. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் மருத்துவமனையில் படுக்கிறார். ரத்தத்தில் சோடியம் குறைவு என்று உப்புத் தண்ணீர் ஏற்றுகிறார்கள். "டிரிப்ஸ் போட்டா நாலு நாள் நல்லா இருக்கு, அப்புறம் பழையபடிதான்" என்கிறார். இவரிடம் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். கடைசிப் பிரசவத்தில் ரத்தம் நிறையப் போனதா? அந்தக் குழந்தைக்குத் தாய்ப்பால் ஊறியதா? அதற்குப் பிறகு வீட்டுக்கு விலக்கு வந்ததா? அக்குள் முடி மழித்த பிறகு மறுபடி வளர்ந்ததா? நான்குக்கும் பதில் ஒரே திசையில் போனால், ஷீஹன் நோய்க்குறி என்று ஏறத்தாழ முடிவு செய்துவிடலாம். ஆய்வுக்கூடம் அதை உறுதிப்படுத்தித் தரும்.

கிளாஸ்கோவில் நோயியல் மருத்துவராக இருந்த ஹரோல்டு ஷீஹன் 1937இல் இதை விளக்கினார். கர்ப்ப காலத்தில் பிட்யூட்டரி சுரப்பி பெருக்கிறது. அதற்கேற்ப அதன் ரத்த ஓட்டம் பெருகுவதில்லை. பிரசவத்தில் ரத்தம் கொட்டி அழுத்தம் விழுந்தால், சுரப்பியின் திசு மடிந்துபோகிறது. பிரசவ கவனிப்பு மேம்பட்ட நாடுகளில் இது அருகிவிட்டது. நம்மிடம் இன்னும் இருக்கிறது. பிரசவத்துக்கும் நோய் தெரிவதற்கும் இடையே பத்து, இருபது ஆண்டுகள்கூட ஓடிவிடும். தாய்ப்பால் வராததையும் இன்றைய மயக்கத்தையும் அந்தப் பெண்ணால் சேர்த்துப் பார்க்க முடியாது. சேர்த்துப் பார்க்க வேண்டியவர்கள் நாம். பிரசவத்தைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படும் ஆண் மருத்துவர்கள் உண்டு. செவிலியரை உடன் வைத்துக்கொண்டு கேளுங்கள். கேட்காமல் மட்டும் விடாதீர்கள்.

2. மருந்துக்கும் வரிசை உண்டு.

மேலே சொன்ன பெண்ணுக்குத் தைராக்சின் குறைந்திருக்கும், கார்ட்டிசாலும் குறைந்திருக்கும். தைராய்டு மாத்திரையை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பினால், உடலின் ஓட்டம் வேகமாகி, மிச்சமிருக்கும் கொஞ்சம் கார்ட்டிசாலும் விரைவாகச் செலவழிந்து, அவர் அட்ரினல் நெருக்கடியில் வந்து விழுவார். முதலில் ஹைட்ரோகார்ட்டிசோன், பிறகுதான் தைராக்சின். இதை மாற்றக் கூடாது.

பியோகுரோமோசைட்டோமாவிலும் அப்படித்தான். தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் அலையலையாக வந்துபோகும் நோயாளி. இதயத் துடிப்பு வேகமாக இருக்கிறதே என்று முதலிலேயே பீட்டா தடுப்பு மருந்து கொடுத்தால், ரத்தக் குழாய்களை விரிக்கும் வழி அடைபட்டு, சுருக்கும் வழி மட்டும் திறந்திருக்கும். அழுத்தம் தாறுமாறாக ஏறும். முதலில் ஆல்ஃபா தடுப்பு மருந்து, பிரசோசின் போன்றது. கூடவே உப்பும் நீரும். அழுத்தம் அடங்கிய பிறகு தேவைப்பட்டால் பீட்டா. அறுவைக்கு முன் இந்தத் தயாரிப்புக்கு 7 முதல் 14 நாள் வேண்டும். அறுவை அரங்கில் தேதி கிடைத்துவிட்டது என்பதற்காக இந்த நாட்களைக் குறைக்க யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

3. வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

தாமஸ் அடிசன் 1855இல் லண்டனில் அட்ரினல் நோயை விவரித்தபோது, தோலின் நிறம்தான் அவருக்கு முக்கியமான தடயம். நம் ஊரில் கறுப்பு எல்லோருக்கும் உண்டு என்பதால் இந்தத் தடயம் கண்ணில் படாமல் போகிறது. ஆகவே ஒப்பிட்டுப் பாருங்கள். உள்ளங்கை ரேகைகள், விரல் முட்டிகள், ஈறு, நாக்கு, பழைய தழும்பு ஆகிய இடங்களைப் பாருங்கள். கூடப் பிறந்தவர் துணைக்கு வந்திருந்தால் இருவர் கைகளையும் அருகருகே வையுங்கள். "முன்னைவிடக் கறுத்துட்டீங்களா?" என்று கேளுங்கள். ஊறுகாயைத் தனியே எடுத்துச் சாப்பிடுகிறாரா, கஞ்சியில் உப்பு அள்ளிப் போடுகிறாரா என்று வீட்டாரிடம் விசாரியுங்கள்.

அடிசன் பார்த்த நோயாளிகளில் பலருக்குக் காசநோய் இருந்தது. மேலை நாடுகளில் இன்று பெரும்பாலும் தன்னெதிர்ப்பு நோய்தான் காரணம். நமக்குக் காசநோய் இன்னும் ஒரு முக்கியக் காரணமாக நிற்கிறது. ஹிஸ்டோபிளாஸ்மா பூஞ்சையையும் மறக்கக் கூடாது. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், கல்லீரலில் கார்ட்டிசாலை வேகமாகச் சிதைக்கும். நுரையீரல் பிரிவில் சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் நோயாளி வாந்தியோடும் தாழ்ந்த அழுத்தத்தோடும் வந்தால், "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று எழுதிவிடுவார்கள். அட்ரினல் பாதியாக இருந்தவர் அந்த மருந்தால் முழுதாகக் கவிழ்ந்திருக்கலாம். ஏற்கெனவே ஹைட்ரோகார்ட்டிசோன் எடுப்பவர்களுக்கும் ரிஃபாம்பிசின் தொடங்கினால் அளவை இரு மடங்காவது ஆக்க வேண்டிவரும்.

அக்ரோமெகலியையும் கண்தான் பிடிக்கும். 1886இல் பியர் மாரி அதற்குப் பெயர் வைத்த காலத்திலிருந்து இன்றுவரை, நோய் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்தே தெரியவருகிறது. தினமும் பார்க்கும் குடும்பத்தாருக்கு மாற்றம் தெரியாது. மெட்டி இறுகிக் கழற்றி வைத்துவிட்டீர்களா, மோதிரத்தை வெட்டி எடுக்க வேண்டிவந்ததா, செருப்பு அளவு கூடியதா என்று கேளுங்கள். கல்யாணப் படத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

4. பரிசோதனைச் சீட்டு எழுதும் முன், பொட்டலத்தைப் பற்றிக் கேளுங்கள்.

வீங்கிய முகம், மெலிந்த கைகால், வயிற்றில் அகலமான ஊதா வரிகள், தொட்டாலே கன்றிப்போகும் தோல். தரையில் உட்கார்ந்தவர் கையூன்றாமல் எழ முடியவில்லை. பாடப் புத்தகத்தில் இருக்கும் குஷிங் நோய் எதிரே உட்கார்ந்திருக்கிறது என்று உங்களுக்கு உற்சாகம் வரும். பொறுங்கள். குஷிங் தோற்றத்துக்கு உலகெங்கும் முதல் காரணம், வெளியிலிருந்து உடலுக்குள் போன ஸ்டீராய்டுதான்.

மூட்டு வலிக்கு வாரச் சந்தையில் வாங்கும் பெயரில்லாப் பொடி, இழுப்புக்குத் தபாலில் வரும் உருண்டை, மருந்துக் கடையில் மூன்று வேளைக்குக் கலந்து மடித்துத் தரும் மாத்திரைகள், முகம் வெளுக்கப் பூசும் களிம்பு. இவற்றில் டெக்ஸாமெதசோனும் பீட்டாமெதசோனும் கலந்திருப்பது நம் துறையில் எல்லோரும் அறிந்தது. "ஸ்டீராய்டு சாப்பிட்டீர்களா?" என்றால் "இல்லை" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, அதன் பெயர் அவருக்குத் தெரியாது. "சாப்பிட்டதும் வலி மந்திரம் போட்ட மாதிரி நின்னுதா? பசி கூடுச்சா?" என்று கேளுங்கள். பொட்டலத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். தோற்றம் குஷிங்காக இருந்து காலை 8 மணிக் கார்ட்டிசால் மிகக் குறைவாக இருந்தால், ஐயம் அந்தப் பொட்டலத்தின் மேல்தான் போக வேண்டும்.

கண்டுபிடித்ததும் திட்டாதீர்கள். பல ஆண்டு வலியிலிருந்து அவருக்கு விடுதலை கொடுத்தது அது ஒன்றுதான். திட்டினால் பயந்து ஒரே நாளில் நிறுத்திவிடுவார். உறங்கிக் கிடக்கும் அட்ரினல் அந்த வேகத்தில் விழிக்காது. தெரிந்த மருந்தாக, தெரிந்த அளவாக மாற்றிக் கொடுத்து, மாதக் கணக்கில் மெல்ல இறக்குங்கள். மூட்டு வலிக்கும் ஒரு நல்ல வழி செய்து கொடுங்கள். செய்யாவிட்டால் அவர் மறுபடி சந்தைக்குத்தான் போவார்.

5. ரத்தம் முதலில், படம் பிறகு.

உடலில் ஹார்மோன் கூடியிருக்கிறது என்று நிரூபிக்காமல் ஸ்கேனுக்கு அனுப்பாதீர்கள். எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, எம்.ஆர்.ஐ. படத்தில் பிட்யூட்டரியில் ஒரு சிறு புள்ளி தெரியும். வயதானவர்களின் அட்ரினலில் கட்டி தென்படுவதும் வழக்கமே. அந்தப் புள்ளியைத் துரத்திப் போனால், இல்லாத நோய்க்கு அறுவை செய்யும் நிலை வரும்.

டெக்ஸாமெதசோன் பரிசோதனை மலிவானது. இரவு 11 மணிக்கு அரை மில்லிகிராம் மாத்திரை இரண்டு, காலை 8 மணிக்குக் கார்ட்டிசால். 1.8 மைக்ரோகிராமுக்குக் கீழே இறங்கிவிட்டால் குஷிங் அநேகமாக இல்லை. ஏ.சி.டி.எச். மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்து உடனே அனுப்ப வேண்டும். மேசையில் ஒரு மணி நேரம் கிடந்த குழாயிலிருந்து வரும் எண்ணை நம்பாதீர்கள். முடி உதிர்வுக்காக அதிக அளவு பயோட்டின் சாப்பிடுபவருக்கு, சில கருவிகளில் தைராய்டு கூடியது போலப் பொய்யான முடிவு வரும். எண்ணும் நோயாளியும் ஒத்துப்போகாவிட்டால் நோயாளியை நம்புங்கள். ஆய்வுக்கூடத்துக்கு நேரில் போய் அங்குள்ளவரிடம் பேசுங்கள். அவர்களைத் தோழர்களாக வைத்திருப்பவர்தான் இந்தத் துறையில் நல்ல மருத்துவர்.

6. கால்சியம், பாஸ்பேட், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ். இந்த மூன்றையும் சேர்த்தே கேளுங்கள்.

எலும்பு வலி, திரும்பத் திரும்ப வரும் சிறுநீரகக் கல், காரணமில்லாத வலிப்பு, நடக்க முடியாத தசைச் சோர்வு. நான்கில் எதற்கும் இந்த மூன்றும் வேண்டும். செலவு மிகக் குறைவு. இருந்தும் இவை விடுபட்டே வருகின்றன.

கால்சியம் கூடியிருந்தால் பாராதைராய்டை நினையுங்கள். இந்தச் சுரப்பியின் வரலாறு எனக்கு மிகப் பிடித்தது. முதலில் இது கண்ணில் பட்டது மனித உடலில் அல்ல. 19ஆம் நூற்றாண்டின் நடுவில், லண்டன் மிருகக்காட்சி சாலையில் இறந்த ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்துப் பார்த்த ரிச்சர்டு ஓவன் இதைக் குறித்துவைத்தார். மனிதரிடம் இதை விவரித்தவர் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இவார் சான்ட்ஸ்ட்ரோம், 1880இல். கப்பல் கேப்டன் சார்லஸ் மார்ட்டெல் எலும்பு கரைந்து, உயரம் குறைந்து, பாஸ்டன் மருத்துவர்களிடம் வந்தார். கழுத்தில் தேடித் தேடிக் கிடைக்காத கட்டி, 1932இல் ஏழாவது அறுவையில் மார்புக் கூட்டுக்குள் அகப்பட்டது. சில வாரங்களில் அவர் இறந்துபோனார். இன்று தேடும் கருவிகள் எவ்வளவோ முன்னேறிவிட்டன. மேலை நாடுகளில் தொந்தரவு தொடங்கும் முன்பே, வழக்கமான ரத்தப் பரிசோதனையில் இந்நோய் பிடிபட்டுவிடுகிறது. நம்மிடமோ எலும்பு முறிந்த பிறகு வருபவர்கள் இன்னும் பலர். அது மாற வேண்டும்.

கால்சியம் குறைந்திருந்தால், அந்த நோயாளி பல ஆண்டுகளாக வலிப்பு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கக்கூடும். இளம் வயதில் கண்புரை, மூளை ஸ்கேனில் உள்ளே சுண்ணாம்புப் படிவு, வலிப்பு மூன்றும் சேர்ந்தால் பாராதைராய்டு குறைவு என்று எண்ணுங்கள். கால்சியமும் கால்சிட்ரியாலும் கொடுத்து வலிப்பு மாத்திரையை நிறுத்தும் நாளில் அந்தக் குடும்பத்தின் முகத்தைப் பாருங்கள். அந்த மகிழ்ச்சிக்காகவே இந்தத் துறைக்கு வரலாம்.

கால்சியம் சரியாக இருந்து பாஸ்பேட் மட்டும் குறைந்தவரை இன்னும் கவனமாகப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் உடம்பு வலி என்று அலைந்து, கடைசியில் மனநலப் பிரிவுக்கு அனுப்பப்பட்டு, கோல் ஊன்றி வருவார். உள்ளங்காலிலோ தாடையிலோ மூக்குக் குழியிலோ இருக்கும் ஒரு சின்னஞ்சிறு கட்டி எஃப்.ஜி.எஃப். 23 என்ற பொருளைச் சுரந்து, சிறுநீரில் பாஸ்பேட்டை ஒழுகவைத்துக்கொண்டிருக்கலாம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை இத்தகையவர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறது. கட்டியை முழுதாக எடுத்துவிட்டால் சில நாட்களில் பாஸ்பேட் ஏறும், சில மாதங்களில் அவர் கோலை வைத்துவிட்டு நடப்பார். தேடத் தொடங்கும் முன் மருந்துகளை விசாரியுங்கள். டெனோஃபோவிர் எடுக்கிறாரா, ரத்தசோகைக்கு ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் ஊசி போட்டிருக்கிறார்களா? இரண்டுமே பாஸ்பேட்டைக் குறைக்கும்.

7. மெலிந்த இளைஞரின் சர்க்கரையை வகை 1 என்று உடனே எழுதிவிடாதீர்கள்.

சிறு வயதிலிருந்தே வயிற்று வலி வருமா, மலம் எண்ணெய் போல மிதக்குமா என்று கேட்டு, வயிற்றுக்கு ஒரு சாதாரண எக்ஸ்ரே எடுங்கள். கணையத்தில் வரிசையாகக் கற்கள் தெரிந்தால் அது கணையக் கல் நீரிழிவு. கேரளத்தில் மருத்துவர் கீவர்கீஸ் 1960களில் இந்நோயாளிகளைப் பெருந்தொகையாகக் கண்டு எழுதினார். இவர்களுக்கு இன்சுலின் வேண்டும், உணவோடு கணைய நொதி மாத்திரையும் வேண்டும். கணையப் புற்றின் வாய்ப்பு கூடுதல் என்பதால், வலி திடீரென்று தன்மை மாறினாலும் எடை காரணமின்றி இறங்கினாலும் அசட்டையாக இருக்காதீர்கள். சத்துக் குறைவோடு வளர்ந்தவர்களிடம் காணும் நீரிழிவைப் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 2025இல் வகை 5 என்று தனியாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதையும் மனத்தில் வையுங்கள்.

பிறந்து ஆறு மாதத்துக்குள் சர்க்கரை நோய் வந்த குழந்தைக்கு மரபணுப் பரிசோதனை கட்டாயம். 2004இல் இங்கிலாந்தின் எக்ஸிடர் குழுவினர், இத்தகைய குழந்தைகள் பலரிடம் கே.சி.என்.ஜே. 11 மரபணுவில் பிழை இருப்பதைக் கண்டார்கள். அந்தப் பிழை உள்ளவர்களில் பெரும்பாலோர் இன்சுலின் ஊசியை விட்டுச் சல்ஃபோனைல்யூரியா மாத்திரைக்கு மாற முடிகிறது. வாழ்நாள் முழுதும் போட வேண்டிய ஊசி ஒரு பரிசோதனையால் நிற்கிறது. வளர்ந்துவிட்டவர்களிடமும் "எந்த வயசுல சர்க்கரை வந்துச்சு?" என்று கேட்க மறக்காதீர்கள்.

8. சர்க்கரை தாழ்ந்து மயங்கியவருக்கு, குளுக்கோஸ் ஏற்றும் அதே ஊசி வழியே முதலில் ரத்தம் எடுத்துவிடுங்கள்.

அந்த நிமிடத்தின் இன்சுலினும் சி-பெப்டைடும்தான் இன்சுலினோமாவைக் காட்டிக்கொடுக்கும். தவறவிட்டால் 72 மணி நேரம் பட்டினி போட்டு அந்த நிமிடத்தை மறுபடி வரவழைக்க வேண்டியிருக்கும். இன்சுலின் அளவு நம்ப முடியாத உயரத்தில் இருந்தால் எதிர்ப்பொருள் நோயை நினையுங்கள். கால் எரிச்சலுக்குக் கொடுத்த ஆல்ஃபா லிப்போயிக் அமிலம்கூட அதைத் தூண்டும்.

9. "சொந்தத்துல கல்யாணமா?"

மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று மணம் முடிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. பெற்றோர் இருவரிடமிருந்தும் பிழையான மரபணு வந்தால் மட்டுமே தோன்றும் நோய்கள் இத்தகைய குடும்பங்களில் கூடுதலாக வரும். குற்றம் சாட்டும் குரலில் கேட்காதீர்கள். அந்தத் தாயின் மேல் ஏற்கெனவே போதுமான பழி விழுந்திருக்கும்.

பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சியில், பெண் குழந்தைக்குப் பிறப்புறுப்பு மாறித் தெரிவதால் யாராவது கவனித்துவிடுவார்கள். ஆண் குழந்தை பார்ப்பதற்குச் சரியாகவே இருக்கும். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் வாந்தி, நீர்வற்றல், சோடியம் தாழ்ந்து பொட்டாசியம் ஏறி, வயிற்றுப்போக்கு என்ற பெயரில் இறந்துபோகும். "முன்னாடி ஒரு பையன் பிறந்து இருபது நாள்ல தவறிட்டான்" என்று ஒரு தாய் சொன்னால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுக் கதையையும் கேளுங்கள்.

பிரசவ அறையில் ஆணா பெண்ணா என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால் அவசரப்பட்டு அறிவிக்காதீர்கள். "சுரப்பிப் பரிசோதனை செய்துவிட்டுச் சொல்கிறோம், குழந்தையின் உயிரைக் காப்பாற்றுவது முதல் வேலை" என்று பெற்றோரிடம் தனியாகச் சொல்லுங்கள். 2019இல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் தீர்ப்பைத் தொடர்ந்து, உயிருக்கு ஆபத்து உள்ள நிலை தவிர இக்குழந்தைகளுக்குப் பாலின மாற்ற அறுவை செய்வதைத் தமிழ்நாடு அரசு தடை செய்திருக்கிறது. அதை முழுதாகப் படித்து வைத்திருங்கள்.

தாயின் சொல்லுக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்று கேட்டால், நான் 1934ஐச் சொல்வேன். நார்வேயில் ஒரு தாய், மனவளர்ச்சி குன்றிய தன் இரு குழந்தைகளின் சிறுநீரில் விசித்திரமான வாடை வருகிறது என்று மருத்துவர் மருத்துவராகப் போய்ச் சொன்னார். அஸ்பியோர்ன் ஃபோலிங் அதைக் காதில் வாங்கினார். சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு விட்டார். பச்சையாக மாறியது. ஃபினைல்கீட்டோனூரியா அப்படித்தான் வெளிப்பட்டது.

10. குடும்ப மரம் வரையுங்கள்.

மெடுல்லரி தைராய்டுப் புற்று என்று முடிவு வந்தால், கழுத்தில் கத்தி வைக்கும் முன் பியோகுரோமோசைட்டோமா இல்லை என்று உறுதி செய்யுங்கள். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கக்கூடும். இருந்தால் அட்ரினல் அறுவைதான் முதலில். ரெட் மரபணுவில் பிழை இருந்தால் பிள்ளைகளையும் அழைத்துப் பரிசோதியுங்கள்.

11. பெயர் கண்டுபிடித்த நாளில்தான் உங்கள் வேலை தொடங்குகிறது.

கருத்தரங்கில் எல்லோரும் கைதட்டிய அரிய நோயாளி, ஊருக்குப் போய் ஆறு மாதத்தில் இறந்தால் அந்தக் கைதட்டலுக்குப் பொருளில்லை. அட்ரினல் குறைவு உள்ளவரை வீட்டுக்கு அனுப்பும் முன் குறைந்தது அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். அவரோடு சமைப்பவரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரோகார்ட்டிசோன் நாளுக்கு 15 முதல் 25 மி.கி., பிரித்து, காலையில் பெரிய பங்கு. அவர் ஊர்க் கடையில் அது கிடைக்காதென்றால், கிடைக்கும் பிரட்னிசோலோனை 3 முதல் 5 மி.கி. என்று எழுதுங்கள். கிடைக்காத சிறந்த மருந்தைவிட அதுதான் அவருக்கு நல்லது. ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் வேண்டுமென்றால், எந்த நகரத்தில் எந்தக் கடையில் கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

விரதம் இருப்பாரா, ரமலான் நோன்பு வைப்பாரா, வெயிலில் பழநிக்குப் பாதயாத்திரை போவாரா என்று நீங்களே கேளுங்கள். அவராகச் சொல்ல மாட்டார். போகாதே என்று தடுத்தால் சொல்லாமல் போவார். மாத்திரையை விடாமல், உப்பும் நீரும் கூட்டி எப்படிப் போகலாம், எப்போது நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். மரபுவழி வளர்சிதை நோய்களில் மருந்தின் விலை மலைக்கவைக்கும். 2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கையின் கீழ், அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் 50 லட்சம் ரூபாய் வரை உதவி பெற வழி இருக்கிறது. விண்ணப்பத்தை நிரப்பி, உரிய மையத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதும் சிகிச்சையில் சேர்ந்ததே.

கடைசியாக, தமிழில் ஓர் அட்டை எழுதி அவர் கையில் கொடுங்கள். காய்ச்சல் வந்தால் மாத்திரையை இரு மடங்காக்க வேண்டும். அதிகக் காய்ச்சல் என்றால் மும்மடங்கு. வாந்தி நிற்காவிட்டால் மாத்திரையை நம்பாமல், பக்கத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கிருக்கும் மருத்துவருக்கு அதே அட்டையின் பின்புறத்தில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்: "இவருக்கு அட்ரினல் சுரப்பி வேலை செய்யாது. ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி. ஊசியை உடனே போடுங்கள், சலைன் ஏற்றுங்கள். பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம்." கீழே உங்கள் பிரிவின் தொலைபேசி எண்ணையும், இரவில் எடுப்பவரின் எண்ணையும் எழுதிக் கையெழுத்திடுங்கள்.